எரிந்த ட்வீட்டரும் எரித்த காரணமும்

வீட்டு ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் பெட்டிக்குள் உயர்ந்த ஒலிகளை எழுப்பும் ட்வீட்டர் என்னும் சிறிய உறுப்பு பழுதானால் பாட்டு நின்றுவிடுவதில்லை. இந்தக் கோளாறு எளிதில் வெளிப்படாமல் போவதற்கு அதுவே முதற்காரணம். வூஃபர் என்னும் பெரிய கூம்பு கெட்டால் பெட்டி கரகரக்கும், அல்லது அறவே ஊமையாகிவிடும். வீட்டிலுள்ள அனைவரும் அக்கணமே அதை அறிந்துகொள்வர். ட்வீட்டர் போனாலோ, வித்துவானின் குரல் கேட்டுக்கொண்டுதானிருக்கும், மிருதங்கத்தின் தொப்பி முழங்கிக்கொண்டுதானிருக்கும், வயலினும் ஒருவாறு காதில் விழும். ஆனால் சாகித்தியத்திலுள்ள சகர ஸகர ஒலிகளின் கூர்மை மழுங்கி, தம்புராவின் ரீங்காரம் தேய்ந்து, ஜாலராவும் கஞ்சிராவின் சலங்கையும் இருந்த இடம் தெரியாமல் மறைந்து, எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்ற குறை மாத்திரம் மனத்தில் தங்கும். கேட்பவர் பதிவைக் குறை கூறுவார். ஒலிநாடாவின் பழமையைக் குறை கூறுவார். வயதாகிவிட்ட தம் செவியையே குறை கூறிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவதும் உண்டு.

உண்மை தெரிந்தபின் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, ‘இதற்குப் புதிய ட்வீட்டர் எங்கே கிடைக்கும்?’ என்பதே. சென்னை ரிச்சி தெருவிலோ வேறு ஊர்களின் எலெக்ட்ரானிக் கடைகளிலோ அது கிடைப்பது அரிதன்று. ஆயினும் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. ட்வீட்டர் தானாகவே சாவது அபூர்வம். பெரும்பாலும் அது, தனக்கு முன்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையரும் அந்த ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருகிய கையும் செய்த பிழைக்குத் தண்டனை அனுபவிக்கிறது. காரணத்தை ஆராயாமல் உறுப்பை மாத்திரம் மாற்றுகிறவருக்கு, அடுத்த விசேஷ நாளுக்குப் பிறகு அதே பெட்டியின் திருகாணிகளை மறுபடியும் கழற்ற நேரிடும். ஆகவே அச்சிறு கருவி எவ்வாறு வேலை செய்கிறது, எதனால் எரிகிறது, எரிந்ததை எவ்வாறு நிச்சயித்துக்கொள்வது என்ற மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்ப்பது பயன் தரும்.

மனிதச் செவி உத்தேசமாக 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை ஒலியாக உணர்கிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் என்று கொண்டால், இவற்றுள் மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 17 மீட்டராகவும், மிக உயர்ந்த ஒலியின் அலைநீளம் 1.7 சென்டிமீட்டராகவும் அமைகிறது. ஆயிரம் மடங்கு வேறுபடும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட சப்தங்கள் அனைத்தையும் ஒரே தகடு செம்மையாக எழுப்பவேண்டும் என்று எதிர்பார்ப்பது இயற்கைக்கு முரணானது. தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுதியான காற்றைத் தள்ளவேண்டும். அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். உயர்ந்த ஒலியை எழுப்பவோ வினாடிக்குப் பல்லாயிரம் தடவை முன்னும் பின்னும் சென்று வரும் சுறுசுறுப்பு வேண்டும். அதற்கு எடை குறைவாக இருக்கவேண்டும். மேலும், ஒலியை எழுப்பும் பரப்பு அந்த ஒலியின் அலைநீளத்தைவிடப் பெரிதானால், ஒலி நாற்புறமும் பரவாமல் நேர் எதிரே மட்டும் குவிந்து செல்லும். அறையின் நடுவில் அமர்ந்தவர் கேட்பதை ஓரத்தில் அமர்ந்தவர் கேட்கமாட்டார். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர்தான், ஆகவேதான் ட்வீட்டரின் குமிழ்வடிவச் சவ்வு பெரும்பாலும் 2.5 சென்டிமீட்டர் விட்டத்தோடு நின்றுவிடுகிறது.

அதன் உள்ளமைப்பு வூஃபரின் உள்ளமைப்பேதான். நிலைக்காந்தத்தின் நடுவே விடப்பட்ட மிகக் குறுகிய வட்ட இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று எதையும் தொடாமல் மிதக்கிறது; பாட்டின் அலைக்கேற்ப அந்தக் கம்பியில் மின்னோட்டம் மாறிமாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் தள்ளப்பட்டு, தன்னோடு ஒட்டப்பட்ட சவ்வையும் அசைத்துக் காற்றில் அதிர்வை உண்டாக்குகிறது. காந்தப் புலத்தில் அசையும் சுருள் என்ற இந்தத் தத்துவத்திற்கு ஜெர்மானியரான வெர்னர் வான் சீமன்ஸ் 1874ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதை இயக்கப் போதிய சக்தியுள்ள ஆம்ப்ளிஃபையர் அக்காலத்தில் இல்லாமையால் அது பயன்பாட்டுக்கு வரவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் தோன்றியபின், 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சியே இன்றைய ஸ்பீக்கருக்கு அடித்தளம் இட்டது. குமிழ்வடிவச் சவ்வை வீட்டு ஸ்பீக்கருக்குள் கொண்டுவந்த பெருமை எட்கர் வில்ச்சருக்கு உரியது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து கேம்பிரிட்ஜில் இருந்த அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி 1958இல் வெளியிட்ட ஏ.ஆர்.-3 என்ற ஸ்பீக்கரில் அது இடம்பெற்றது. ஆம்ப்ளிஃபையர் பிறந்த பிறகே உயிர்பெற்ற இந்த உறுப்பு, பெரும்பாலான வீடுகளில் அதே ஆம்ப்ளிஃபையரால்தான் உயிரிழக்கிறது.

இருபது சென்டிமீட்டர் வூஃபரில் அசையும் பகுதியின் எடை இருபது கிராமை ஒட்டியிருக்க, ட்வீட்டரில் சுருளும் சவ்வும் சேர்ந்து அரைக் கிராம்கூட இருப்பதில்லை. உயர்ந்த ஸ்தாயியில் வேலை செய்யும் தகுதியை அதற்கு அளித்தது இந்தச் சிறுமைதான். அதற்கு ஆபத்தாக முடிவதும் இதே சிறுமைதான். ஸ்பீக்கருக்குள் செல்லும் மின்சக்தி முழுவதும் ஒலியாக மாறிவிடுகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் ஒலியை எழுப்பும் நல்ல ஸ்பீக்கர்கூட, தான் வாங்கிய சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவானதையே ஒலியாக மாற்றுகிறது. மிச்சமுள்ள தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேற்பட்டது கம்பிச்சுருளில் உஷ்ணமாகிறது. வூஃபரின் கனத்த சுருள் அந்த உஷ்ணத்தை ஏற்று மெல்ல வெளியேற்றும். தலைமயிரை நிகர்த்த கம்பியாலான ட்வீட்டர்ச் சுருளுக்கு உஷ்ணத்தை வைத்துக்கொள்ளவும் இடமில்லை, வெளியேற்றவும் பரப்பில்லை. தாமிரத்தின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் நூற்றுக்கு 0.39 பங்கு உயர்வதால், நூறு பாகை சூடேறிய சுருளின் மின்தடை முன்னைவிட நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பங்கு கூடி, ஒலி சற்றே மங்கும். அந்த எச்சரிக்கையையும் கவனியாமல் விட்டால், கம்பியின்மேல் பூசிய எனாமல் கருகும். சுருளைப் பிடித்திருக்கும் பசை இளகும். சுருள் தன் வட்ட வடிவம் இழந்து காந்தத்தில் உராயும். முடிவில் கம்பி அறுந்துபோகும்.

இவ்வளவு மெல்லிய கருவி, ‘100 வாட்’ என்று முதுகில் எழுதப்பட்ட பெட்டிக்குள் எவ்வாறு இருக்கிறது என்ற சந்தேகம் எழலாம். அந்த நூறு வாட், பெட்டி முழுமைக்கும் உரிய கணக்கு. சாதாரண சங்கீதத்தில் சக்தியின் பெரும்பகுதி தாழ்ந்த, நடுத்தர ஸ்தாயிகளிலேயே அடங்கிவிடுகிறது; உயர்ந்த ஸ்தாயிக்கு வருவது சிறு பங்குதான் என்ற அனுமானத்தின்மேல்தான் ஸ்பீக்கர் வடிவமைக்கப்படுகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால், வீட்டு ட்வீட்டர் இடைவிடாமல் தாங்கக்கூடியது சில வாட்டிலிருந்து பத்துப் பதினைந்து வாட் வரைதான்.

அந்தச் சிறு பங்கைப் பிரித்துக் கொடுப்பது பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் என்ற பலகை. கண்டன்சர் என்று கடைகளில் வழங்கும் மின்தேக்கி உயர்ந்த அதிர்வெண்களை எளிதில் விட்டுத் தாழ்ந்தவற்றைத் தடுக்கும். காயில் என்ற கம்பிச்சுருளோ அதற்கு மாறாகத் தாழ்ந்தவற்றை விட்டு உயர்ந்தவற்றைத் தடுக்கும். 4.7 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 1,000 ஹெர்ட்ஸில் 34 ஓம் அளவுக்கு எதிர்ப்புக் காட்டும். 10,000 ஹெர்ட்ஸிலோ 3.4 ஓம்தான். ட்வீட்டரோடு தொடராக இணைக்கப்பட்ட இந்தக் கண்டன்சர் நேர்மின்னோட்டத்தை அறவே விடுவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்ஸிஸ்டர் பழுதாகி நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்தால், எரிவது வூஃபர், ட்வீட்டர் தப்பித்துக்கொள்ளும். ட்வீட்டர் மாத்திரம் எரிந்து வூஃபர் நலமாக இருந்தால், குற்றம் வேறிடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தடயம்.

அந்த வேறிடத்தில் முதன்மையானது கிளிப்பிங். எந்த ஆம்ப்ளிஃபையரும் தன் பவர் சப்ளை அனுமதிக்கும் மின்னழுத்தத்திற்கு மேல் போகமுடியாது. அதற்கு மேலும் கேட்டுக் குமிழைத் திருகினால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. முழுவதும் தட்டையாகிச் சதுரமான அலை, அதே உயரமுள்ள வழவழப்பான சைன் அலையைவிட இரண்டு மடங்கு சக்தி உடையது. 50 வாட் ஆம்ப்ளிஃபையர் அந்த நிலையில் 100 வாட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். வெட்டுண்ட அலையில், அடிப்படை ஒலியின் அதிர்வெண்ணுக்கு முழு மடங்காக அமையும் புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன என்பதும், அவை ட்வீட்டருக்குப் போய்ச் சேருகின்றன என்பதும் உண்மையே. பலர் இந்த இடத்தோடு விளக்கத்தை முடித்துவிடுவர். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அது போதாது. 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று சதுரமாக வெட்டுண்டால், கிராஸ்ஓவர் ட்வீட்டருக்குப் பிரித்துவிடும் 3,000 ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டும் முதல் மேற்சுரம் முப்பத்தொன்றாவது. அதன் வீச்சு அடிப்படை ஒலியின் வீச்சில் 31இல் ஒரு பங்கு. சக்தி வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேலுள்ள மேற்சுரங்கள் யாவற்றையும் கூட்டினாலும் அடிப்படை ஒலியின் சக்தியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தொடாது.

அப்படியானால் ட்வீட்டரை எரிப்பது எது? கூரை தாழ்ந்த வீட்டை நினைத்துக்கொள்ளலாம். வளர்ந்த மனிதனின் தலை ஏற்கெனவே கூரையில் இடிக்கிறது; அவன் மேலும் உயர வழியில்லை. பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கோ இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது. அது வளர்ந்துகொண்டே போகலாம். சங்கீதத்தில் தாழ்ந்த ஒலிகள் அந்த மனிதன். உயர்ந்த ஒலிகள் அந்தக் குழந்தை. கிளிப்பிங் தொடங்கிய பிறகு குமிழை மேலும் பத்து டெசிபெல் அளவு திருகினால், முழக்கம் அதிகம் உயர்வதில்லை. ஆனால் உயர்ந்த ஸ்தாயியின் சக்தி பத்து மடங்கை நோக்கிப் பெருகுகிறது. ஒரு வாட் வாங்கிக்கொண்டிருந்த ட்வீட்டர் ஏழெட்டு வாட், பத்து வாட் என்று வாங்கத் தொடங்குகிறது. சங்கீதத்தில் இயல்பாக உள்ள ஏற்ற இறக்கமும் நசுங்கிப் போவதால், இடையிடையே சுருள் ஆறுவதற்குக் கிடைத்த அவகாசமும் போய்விடுகிறது. ஒரு மாலை முழுவதும் இது நீடித்தால் சுருள் கருகுவதில் ஆச்சரியம் இல்லை.

இதிலிருந்து கேட்பவர்க்கு விபரீதமாகத் தோன்றும் ஒரு முடிவு பிறக்கிறது. சிறிய ஆம்ப்ளிஃபையர் பத்திரமானது, பெரியது அபாயகரமானது என்ற பொதுவான அபிப்பிராயம் சரியன்று. 100 வாட் ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்குள் நிதானமாகப் பயன்படுத்துகிறவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ட்வீட்டர், 20 வாட் ஆம்ப்ளிஃபையரைக் கதறக் கதறத் திருகுகிறவர் வீட்டில் ஒரே விருந்தில் போய்விடலாம். பெரியதையும் அளவு மீறி முடுக்கினால் எரியும் என்பதும், சிறியதையும் அதன் அளவோடு பயன்படுத்தினால் எந்தத் தீங்கும் வராது என்பதும் உண்மையே. குற்றம் வாட்டில் இல்லை. எல்லையை மீறுவதில்தான் இருக்கிறது. அந்த எல்லையை மீறத் தூண்டுவது நம் செவியின் இயல்பு. சக்தியை இருமடங்காக்கினால் மூன்று டெசிபெல்தான் கூடும். ஒலி இரண்டு மடங்கு உரத்ததாகத் தோன்றவேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று செவி கேட்பதைக் கொடுக்க ஆம்ப்ளிஃபையர் படும் பாடு கொஞ்சம் அன்று.

குமிழின் நிலையைக் கொண்டு சக்தியை அளப்பதும் பொதுவான தவறு. ‘பாதிதானே திருகினேன்’ என்று சொல்வோர் பலர். 1982இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் பிளேயர் 2 வோல்ட் வரை வெளியிடும். பல ஆம்ப்ளிஃபையர்களோ கால் வோல்ட்டை ஒட்டிய சமிக்ஞைக்கே தம் முழுச்சக்தியைக் கொடுத்துவிடும்படி அமைந்தவை. அத்தகைய இணைப்பில் குமிழ் பாதியை எட்டுமுன்பே ஆம்ப்ளிஃபையர் எல்லையைத் தொட்டுவிடக்கூடும். மிச்சமுள்ள பாதி வெறும் கிளிப்பிங்குக்கே உரியது. அதோடு ட்ரெபிள் குமிழையும் பத்து டெசிபெல் ஏற்றி வைத்தால், ட்வீட்டருக்குச் செல்லும் சக்தியை நம் கையாலேயே பத்து மடங்காக்கியவர்கள் ஆகிறோம்.

வேறு சில காரணங்களும் உண்டு. பழுதான ஆம்ப்ளிஃபையர் செவிக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண்ணில் தானாகவே அலைந்துகொண்டிருந்தால், வீட்டில் எந்தச் சப்தமும் இல்லாதபோதே ட்வீட்டர் சூடேறி எரிந்துவிடும். இரண்டு பெட்டிகளிலும் ட்வீட்டர்கள் ஒரே நாளில் போயிருந்தால், விருந்தும் நடக்கவில்லையென்றால், இதையே முதலில் சந்தேகிக்கவேண்டும். மைக் கொண்டு வீட்டில் பாடும்போது எழும் ‘கீ’ என்ற வீறிடலும், ஆம்ப்ளிஃபையர் ஓடிக்கொண்டிருக்கையில் ஒயர்களைப் பிடுங்கிச் செருகுவதும், ஒலிநாடாவை ஓடவிட்டபடியே வேகமாகத் தள்ளும்போது வரும் கிறீச்சொலியும் இதே தீங்கைச் செய்யும். உஷ்ணத்தின் சம்பந்தமே இல்லாமல், சுருளிலிருந்து வெளிவரும் மெல்லிய கம்பி ஓயாத அசைவால் அலுத்து அறுந்துபோவதும் உண்டு. சுருளைக் குளிர்விக்க 1970களிலிருந்து பல ட்வீட்டர்களில் காந்தத் திரவம் ஊற்றப்படுகிறது. இது அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் ஸ்டீவன் பேப்பெல் என்ற பொறியாளர் 1963இல் ராக்கெட் எரிபொருளுக்காக உருவாக்கிய பொருள். பல்லாண்டுகளில் அது வற்றிக் கெட்டியாகிவிட்டால் சுருள் சேற்றில் அகப்பட்டதாகிவிடும். அப்போது ட்வீட்டர் சாவதில்லை, ஆனால் அதன் குரல் தேய்ந்துவிடும்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். பெட்டியைத் திறப்பதே முதற்காரியம் என்று எண்ணுவது தவறு. அது கடைசிக் காரியங்களில் ஒன்று. ஆம்ப்ளிஃபையரில் மோனோ விசை இருந்தால் அதைப் போட்டு, பழக்கமான ஒரு பாட்டை மெல்லிய அளவில் வைத்து, பாலன்ஸ் குமிழை இடமும் வலமும் மாற்றிப் பார்த்தால் எந்தப் பெட்டி மங்கியது என்பது தெரிந்துவிடும். எஃப்.எம். ரேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு இடையே வரும் ‘உஸ்’ என்ற இரைச்சல் இதற்கு இன்னும் சிறந்தது. எல்லா அதிர்வெண்களும் அதில் கலந்திருக்கின்றன. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை ட்வீட்டருக்கு எதிரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டால் அது உயிரோடு இருக்கிறதா என்பது ஐயமின்றிப் புலப்படும். முதியவர்கள் இந்தச் சோதனையில் வீட்டிலுள்ள இளையவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. வயது ஏற ஏற உயர்ந்த ஸ்தாயி செவிக்கு எட்டாமல் போவது எல்லோருக்கும் இயற்கை.

இடது பெட்டி மங்கியிருப்பதாகக் கொள்வோம். ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிட்டு, அதன் பின்புறத்தில் இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி இணைத்து மறுபடியும் கேட்கவேண்டும். இப்போது வலது பெட்டி மங்கினால், ஸ்பீக்கர்கள் இரண்டும் நலம். குற்றம் ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு முன்னுள்ள கருவியிலோ இருக்கிறது. இடது பெட்டியே தொடர்ந்து மங்கியிருந்தால், குற்றம் அந்தப் பெட்டியில் அல்லது அதற்குச் செல்லும் ஒயரில். ஒயரை மாற்றிப் பார்த்து அதையும் நீக்கிவிடலாம். பெட்டியின் பின்புறத்தில் இரண்டு ஜோடி முனைகள் இருக்குமானால், மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் சேர்க்கும் உலோகப் பட்டை தளர்ந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்; அந்தப் பட்டை கழன்றதால் மாத்திரம் ஊமையான ட்வீட்டருக்காகப் புதியதொன்று வாங்குவது வீண்செலவு.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் திருப்புளியை எடுக்கவேண்டும். அதையும் ஜாக்கிரதையாகப் பிடிக்கவேண்டும். ட்வீட்டரின் காந்தம் திருப்புளியைக் கையிலிருந்து பறித்துச் சவ்வின்மேல் குத்திக்கொள்ளும் அளவுக்கு வலிமை உடையது. ட்வீட்டரை வெளியே எடுத்தபின், அதற்கு வரும் இரண்டு ஒயர்களில் ஒன்றையாவது கழற்றிவிட்டுத்தான் மல்டிமீட்டரை வைக்கவேண்டும். பெட்டியின் பின்முனைகளில் அளந்தால் கண்டன்சர் நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதால் ட்வீட்டரைப் பற்றி எதுவும் தெரியாது. கழற்றாமல் ட்வீட்டரின் முனைகளிலேயே அளந்தால், கிராஸ்ஓவரில் அதற்கு இணையாக இருக்கக்கூடிய காயிலின் சொற்ப மின்தடையே மீட்டரில் தெரிந்து ஏமாற்றும். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ட்வீட்டரில் மீட்டர் 5.5 முதல் 7 ஓம் வரையும், 4 ஓம் ட்வீட்டரில் 3 முதல் 3.6 ஓம் வரையும் காட்டுவது இயல்பு. மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்தது நிச்சயம். மிகவும் குறைத்துக் காட்டினால் எனாமல் கருகிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும்விட நல்ல பிரமாணம், நலமாக இருக்கும் மற்றப் பெட்டியின் ட்வீட்டர். இரண்டையும் ஒரே மீட்டரால் அளந்து ஒப்பிட்டால் சந்தேகத்திற்கு இடமில்லை. மீட்டர் இல்லாதவர் 1.5 வோல்ட் பாட்டரியிலிருந்து வரும் இரண்டு ஒயர்களை, பெட்டியிலிருந்து கழற்றிய ட்வீட்டரின் முனைகளில் கணநேரம் தொட்டுப் பார்க்கலாம். ‘டிக்’ என்று ஒலித்தால் சுருள் அறுபடவில்லை. பீஸோ ட்வீட்டர் என்ற வகைக்கு இந்த அளவைகள் பொருந்தா. அதில் கம்பிச்சுருளே இல்லாமையால், நல்ல நிலையில் இருக்கும்போதும் மீட்டர் ஒன்றும் காட்டாது.

மீட்டர் சரியாகக் காட்டியும் ட்வீட்டர் ஒலிக்காவிட்டால் பார்வை கிராஸ்ஓவரின்மேல் திரும்பவேண்டும். பழைய பெட்டிகளில் உள்ள எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் காலப்போக்கில் உலர்ந்து செயலிழக்கும்; அதே மதிப்புள்ள, முனைப் பேதம் இல்லாத நல்ல கண்டன்சர் ஒன்றை அதற்கு இணையாகத் தொடுத்துப் பார்த்து, ஒலி திரும்பினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ட்வீட்டரின் அளவைக் குறைக்கத் தொடுக்கப்பட்ட மின்தடை கருகியிருக்கலாம், ஈயப்பற்று விட்டுப்போயிருக்கலாம். ஒலி வருகிறது, ஆனால் கரகரப்போடு வருகிறது என்றால், சுருள் வடிவம் மாறிக் காந்தத்தில் உராய்கிறது. குழந்தைகளின் விரல் பட்டு உள்ளே அமுங்கிய பட்டுச் சவ்வை ஒட்டுநாடாவால் மெல்ல இழுத்து நிமிர்த்திவிடலாம். உலோகச் சவ்வு ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான்.

ட்வீட்டர் இறந்தது உறுதியானால், அதைக் குப்பையில் எறியுமுன் சவ்வைப் பிரித்துச் சுருளின் நிறத்தைப் பார்க்கவேண்டும். கம்பி கறுத்து, பசை பழுப்பேறியிருந்தால் அளவுமீறிய சக்தியால் எரிந்தது. காரணத்தை ஆம்ப்ளிஃபையரிலும் அதைக் கையாண்ட முறையிலும் தேடவேண்டும். கம்பி பளபளப்பாகவே இருந்து, வெளிவரும் முனையில் மாத்திரம் அறுந்திருந்தால் அது வெறும் தேய்மானம். ஆம்ப்ளிஃபையர்மேல் பழி போட நியாயமில்லை.

மாற்றும்போது அதே கம்பெனியின் அதே மாதிரிக்கான ட்வீட்டரோ, சவ்வும் சுருளும் மாத்திரம் சேர்ந்த மாற்று உறுப்போ கிடைக்குமானால் அதுவே உத்தமம். கிடைக்காதபோது, துவாரத்தில் பொருந்துகிறது, ஓமும் ஒத்துப்போகிறது என்ற இரண்டை மாத்திரம் பார்த்து வாங்குவது போதாது. ஒரு வாட்டுக்கு அது எத்தனை டெசிபெல் ஒலிக்கிறது என்பது பழையதோடு ஒத்திருக்கவேண்டும்; மூன்று டெசிபெல் வித்தியாசம்கூட ஒரு பக்கத்தைக் கூச்சலாக்கிவிடும். அதன் இயற்கை அதிர்வெண், கிராஸ்ஓவர் பிரிக்கும் அதிர்வெண்ணில் பாதிக்கு மேற்படாமல் இருப்பது நலம். 3,000 ஹெர்ட்ஸில் பிரியும் பெட்டிக்கு 1,500 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குக் கீழ். வேறு மாதிரியை வைப்பதானால் இரண்டு பெட்டிகளிலும் ஒன்றாகவே மாற்றவேண்டும். கூட்டல் கழித்தல் முனைகளைப் பழையபடியே இணைக்கவேண்டும். கண்டன்சரை நீக்கிவிட்டு நேராகத் தொடுப்பது, புதிய ட்வீட்டரை அன்றைக்கே கொல்வதற்குச் சமானம்.

வருமுன் காப்பதற்குப் பெரிய யுக்தி ஒன்றும் தேவையில்லை. சில கம்பெனிகள் ட்வீட்டரோடு தொடராகச் சிறு பல்பையோ, சூடேறினால் மின்தடை உயரும் பாதுகாப்பு உறுப்பையோ வைத்திருக்கின்றன; அவை உதவியாக இருக்கும், ஆனால் முழுக் காவலாகமாட்டா. ஒலி கரடுமுரடாகி, குரலின் ஓரங்கள் கீறலோடு ஒலிக்கத் தொடங்கியவுடன் குமிழைக் குறைத்துவிடுவதே முதற்காவல். போதவில்லை என்றால் ஸ்பீக்கருக்கு அருகில் அமரலாம். அல்லது ஒரு வாட்டுக்கு அதிக டெசிபெல் ஒலிக்கும் ஸ்பீக்கரை வாங்கலாம். அல்லது தேவைக்கு மேல் கையிருப்பு உள்ள ஆம்ப்ளிஃபையரை வாங்கி அடக்கமாகப் பயன்படுத்தலாம். பழுது வந்துவிட்ட இடத்தில், புதிய ட்வீட்டருக்குப் பணம் கொடுக்குமுன் பழையது ஏன் எரிந்தது என்பதற்கு விடை கண்டாகவேண்டும். அந்த விடை கிடைக்காதவரையில் பெட்டியில் பொருத்தப்படும் ஒவ்வொரு ட்வீட்டரும் அடுத்து எரியவிருக்கும் ட்வீட்டரே.